ஐரீன் ஸ்டியர்: கடைசி நூறு மீட்டர் நீந்தின கார்டிஃப் பொண்ணு

வேல்ஸ்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கின முதல் பொண்ணு யாருன்னு தேடினா ஐரீன் ஸ்டியர்னு ஒரு பேரு வரும். 1912, ஸ்டாக்ஹோம், நீச்சல், ரிலே. அதோட முடிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க. எனக்கு அந்த ஒத்த வரி பத்தல. கொஞ்ச நாளா இவங்களப் பத்தியும் இவங்க கூட நீந்தினவங்களப் பத்தியும் கிடைக்கிறதெல்லாம் படிச்சிட்டு இருக்கேன். படிக்கப் படிக்க, அந்தத் தங்கத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தன கதவு சாத்தியே இருந்துச்சுங்கறதுதான் மனசுல பெருசா நிக்குது. நடுவுல ஒரே ஒரு தடவ ஒரு கதவு திறந்துச்சு, அந்த நேரம் பாத்து இவங்க தயாரா இருந்தாங்க.

ஐரீன் பொறந்தது 1889 ஆகஸ்ட் 10, கார்டிஃப்ல. அந்த வருஷங்கள்ல கார்டிஃப் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு புரியும். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குல வெட்டின நிலக்கரி ஏராளமா ரயில்ல வந்து இந்தத் துறைமுகத்துல கப்பல் ஏறும், 1913ல மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல ஏத்துமதி ஆயிருக்கு. உலகத்தோட எல்லா மூலையிலேருந்தும் மாலுமிங்க வந்து தங்கி, கல்யாணம் பண்ணி, அங்கேயே குடும்பமாயிட்டாங்க. 1905லதான் அதுக்கு மாநகரம்ங்கற அந்தஸ்தே கிடைக்குது. 1894ல, ஐரீனுக்கு நாலு அஞ்சு வயசு இருக்கும்போது, ரோத் பார்க்னு ஒரு பெரிய பூங்காவ பொதுமக்களுக்குத் திறந்து விட்டாங்க, ஒரு ஓடைய மறிச்சு அதுல ஒரு ஏரியும் கட்டினாங்க. படகு ஓட்டவும் நீந்தவும் ஊர் ஜனங்க அங்கதான் போவாங்க. இப்போ அங்க போனா ஏரிக்குள்ள வெள்ளையா ஒரு சின்ன கலங்கரை விளக்கம் நிக்கும், அது தென்துருவத்துக்குப் போன கேப்டன் ஸ்காட்டோட ஞாபகமா 1915ல கட்டினது, அவரோட கப்பல் 1910ல கிளம்பினதே கார்டிஃப்லேருந்துதான். 1912 ஜூலைல ஐரீன் ஸ்டாக்ஹோம்ல நீந்தும்போது ஸ்காட் செத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா அந்தச் செய்தி வெளி உலகத்துக்கு வந்தது 1913லதான். அது அப்படிப்பட்ட காலம், ஒரு விஷயம் தெரிய ஒரு வருஷம் கூட ஆகும்.

சரி, நீச்சலுக்கு வருவோம்.

ஆம்பளைங்களுக்கு ஒலிம்பிக் நீச்சல் 1896லயே ஆரம்பிச்சாச்சு. 1908ல லண்டன்லயே ஒலிம்பிக்ஸ் நடந்துச்சு, கார்டிஃப்லேருந்து ரயில் ஏறினா அன்னிக்கே போய்ச் சேரலாம். அந்தப் போட்டியில பால் ராட்மிலோவிச்னு ஒரு கார்டிஃப் பையன், குரோயேஷியாக்காரரோட மகன், வாட்டர் போலோல ஒண்ணு, நீச்சல் ரிலேல ஒண்ணுன்னு ரெண்டு தங்கம் வாங்கினாரு. அப்போ ஐரீனுக்கு 18 வயசு. ஒரு நீச்சல்காரிக்கு அது நல்ல வயசு. ஆனா பேரு குடுக்கறதுக்குக்கூட பொண்ணுங்களுக்கு ஒரு நீச்சல் ரேஸ் கிடையாது. தகுதிச் சுத்துல தோத்துப் போனாங்க, செலக்‌ஷன் ஆகல, அந்தக் கதையெல்லாம் இல்ல, போட்டியே இல்ல. அதே ஊரு, அதே தண்ணி, ஒருத்தருக்கு ரெண்டு தங்கம், இன்னொருத்தருக்கு நுழையவே வழி இல்ல. இத நான் திரும்பத் திரும்ப யோசிச்சிருக்கேன்.

இதுக்குக் காரணம் பொண்ணுங்க நீந்தாம இருந்ததுன்னு நினைக்கக் கூடாது. பிரிட்டன்ல பொண்ணுங்க நீச்சல் கிளப்புகள் அப்போ நல்லா வளர்ந்துட்டிருந்துச்சு, 1901லேருந்தே அவங்களுக்கு 100 கஜம் தேசிய சாம்பியன்ஷிப் நடந்துச்சு. ஐரீனும் ஸ்டாக்ஹோமுக்கு முன்னாடியே பல வருஷம் வேல்ஸ் சாம்பியன். பிரச்சன என்னன்னா அவங்க தண்ணிக்குள்ள இருக்கறத யாரு பாக்கறாங்க, என்ன டிரெஸ்ல பாக்கறாங்கங்கறதுதான். கழுத்து எவ்ளோ மூடியிருக்கணும், கை எவ்ளோ நீளம் இருக்கணும், முட்டிக்கு மேல எத்தன இஞ்ச் வரைக்கும் துணி வரணும், எல்லாத்துக்கும் விதி. டிரெஸ்ஸிங் ரூம்லேருந்து தண்ணி வரைக்கும் கால் வரைக்கும் தொங்குற ஒரு அங்கி போத்திக்கணும், கரையேறின உடனே மறுபடி போத்திக்கணும். நீச்சலுக்குன்னு அவங்க போட்டது மெல்லிசான பட்டுத் துணி, ஏன்னா கம்பளித் துணி தண்ணிய உறிஞ்சி கனமாயிடும், ஆனா பட்டு நனைஞ்சா உடம்போட ஒட்டும், அதனால உள்ளாரயும் ஒண்ணு போடணும்.

ஜென்னி ஃப்ளெச்சர், ஐரீனோட அதே ரிலேல நீந்தினவங்க, லெஸ்டர்ல ஒரு பெரிய ஏழைக் குடும்பம், துணி ஃபேக்டரியில வேல. ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துல 6 நாள் வேல பாத்துட்டு அதுக்கப்புறம்தான் பயிற்சின்னு பின்னாடி சொல்லியிருக்காங்க. நீச்சல் டிரெஸ் அசிங்கம்னு திட்டுவாங்களாம், போட்டின்னா கூட தண்ணியில இறங்குற வரைக்கும் தரை தொடுற அங்கிய போத்தியே கூட்டிட்டுப் போவாங்களாம். இப்படி ஒரு வேலைக்கு நடுவுல பயிற்சி பண்ணி அவங்க 100 கஜம் தேசிய சாம்பியன்ஷிப்ப ஆறு தடவ ஜெயிச்சிருக்காங்க. இத எழுதும்போதே எனக்கு கை கொஞ்சம் நிக்குது. 12 மணி நேரம் நின்னு வேல பாத்துட்டு வீட்டுக்குப் போய் படுக்கத்தான் தோணும், அவங்க குளத்துக்குப் போயிருக்காங்க.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ்லதான் முதல் முறையா பொண்ணுங்களுக்கு நீச்சல் வெச்சாங்க. 100 மீட்டர் ஒண்ணு, 4 பேர் ரிலே ஒண்ணு, அதோட டைவிங் ஒண்ணு. இதுவும் எல்லாரும் சந்தோஷமா குடுத்தது இல்ல. நவீன ஒலிம்பிக்ஸ ஆரம்பிச்சு வெச்ச கூபெர்தானே அதே 1912ல, பொண்ணுங்க ஒலிம்பிக்ஸ்ங்கறது நடைமுறைக்கு ஒத்து வராது, சுவாரசியமா இருக்காது, பாக்க அழகா இருக்காது, முறையும் கிடையாதுன்னு எழுதினாரு. அமெரிக்காவுல அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்த நடத்தின ஜேம்ஸ் சலிவன் பொண்ணுங்க போட்டிக்கே எதிரி, அதனால அமெரிக்காவுலேருந்து ஒரு நீச்சல்காரி கூட வரல. ஆஸ்திரேலியாவுல இன்னும் சிக்கல். ஃபேனி டூராக்னு சிட்னிக்காரி, இவங்களும் 1889லதான் பொறந்தாங்க, அப்புறம் மினா வைலி. ரெண்டு பேரும் உலகத்துலயே வேகமானவங்கள்ல சேர்த்தி, ஆனா நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்துல, ஆம்பளைங்க பாக்குற எடத்துல பொண்ணுங்க நீந்தக் கூடாதுன்னு ஒரு விதி. அதுக்குத் தலைவியா இருந்த ரோஸ் ஸ்காட் பெண்ணுரிமைக்காக வாழ்நாள் முழுக்கப் போராடினவங்க, அவங்களே இதுக்கு ஒத்துக்கல, விதிய தளர்த்தினதும் பதவிய ராஜினாமா பண்ணிட்டாங்க. கூட நின்னு போராடினவங்களே தண்ணியில இறங்குற விஷயத்துல எதிர்ல நின்னாங்கன்னா அந்தக் காலத்தோட இறுக்கம் எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. கடைசியில ஜனங்க காசு சேர்த்துக் குடுத்து, டூராக் தன் அக்கா தங்கச்சில ஒருத்தரத் துணைக்குக் கூட்டிக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க.

பிரிட்டன்லேருந்து ஆறு பொண்ணுங்க 100 மீட்டருக்குப் பேரு குடுத்தாங்க. இவங்களுக்கும் துணைக்கு ஒரு அம்மா போனாங்க, பேரு கிளாரா ஜார்விஸ். ரிலே டீம் போட்டோ இப்பவும் நெட்ல கிடைக்கும், நாலு பொண்ணுங்க நீச்சல் டிரெஸ்ல, கூடவே தல முதல் கால் வரைக்கும் மூடின கருப்பு உடுப்புல கிளாரா ஜார்விஸ். எல்லா நாட்டையும் சேர்த்து அந்த ஒலிம்பிக்ஸுக்கு வந்தவங்க 2,400 பேர் கிட்ட, அதுல பொண்ணுங்க 50 பேர் கூட இல்ல.

நீச்சல் நடந்த எடம் நம்ம நினைக்கிற மாதிரி டைல்ஸ் போட்ட குளம் கிடையாது. யூர்கார்ட்ஸ்ப்ரூன்ஸ்விக்கன்னு ஸ்டாக்ஹோம் ஊருக்குள்ளாரயே வர்ற ஒரு கடல் நீர் வளைகுடா, அதுல மரத்துல மேடை கட்டி 100 மீட்டர் அளந்து விட்டாங்க. அடியில கருப்புக் கோடு இல்ல, லேன் பிரிக்கிற கயிறு இல்ல, கண்ணுக்குப் போடுற நீச்சல் கண்ணாடி இல்ல. நேரா போறோமா கோணலா போறோமான்னு தலைய தூக்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும், தூக்கினா வேகம் போயிடும். ஒரே நீளம் 100 மீட்டர்ங்கறதால திரும்பற வேலையும் இல்ல, இப்போ சுவத்த உதைச்சு தள்ளிக்கிட்டு வர்றாங்களே அந்த ஓய்வும் இல்ல, மொத்த தூரமும் கையும் காலும்தான்.

இந்தத் தண்ணியிலதான் ஐரீனுக்கு அடி விழுந்துச்சு. தனியாள் 100 மீட்டர்ல இன்னொரு நீச்சல்காரி மேல மோதிட்டாங்கன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. கயிறே கட்டாத தண்ணியில பக்கத்துல ஆளு எங்க இருக்குன்னு தெரியாம நீந்த விட்டுட்டு, மோதினா உன் தப்புங்கறது. விதின்னா விதிதான், நடுவர்களக் குத்தம் சொல்ல நான் வரல, ஆனா யோசிச்சுப் பாருங்க, வாழ்க்கையில முதல் தடவயா பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஒலிம்பிக் ரேஸ், 22 வயசு, அவ்ளோ தூரம் வந்து, வேகம் பத்தாம இல்ல, கோடு மாறினதால வெளிய.

அந்த டீமுக்கு அது மட்டும்தான் அடின்னா பரவாயில்ல. டெய்ஸி கர்வென்னு லிவர்பூல்காரி, 100 மீட்டர்ல 1 நிமிஷம் 20.6 விநாடின்னு உலக சாதனை வெச்சிருந்தவங்க, ஸ்டாக்ஹோம்ல டூராக் ஹீட்ஸ்லயே, அதாவது தகுதிச் சுத்துலயே, 1:19.8 போட்டு அத உடைச்சிட்டாங்க. கர்வென் ஃபைனலுக்கு வந்தும் நீந்த முடியல, அப்பெண்டிசைட்டிஸ் வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. ஃபைனல்ல டூராக் தங்கம், வைலி வெள்ளி, ஜென்னி ஃப்ளெச்சருக்கு வெண்கலம்.

ஆக ரிலேக்கு வரும்போது பிரிட்டன் டீமோட நெலம இதுதான். வேகமான ஆளு ஆஸ்பத்திரியில. மீதி நாலு பேரு: கிளாஸ்கோவுலேருந்து பெல் மூர், 17 வயசு; லெஸ்டர்லேருந்து ஜென்னி ஃப்ளெச்சர்; லிவர்பூல்லேருந்து ஆனி ஸ்பியர்ஸ்; கார்டிஃப்லேருந்து ஐரீன். சில நாள் முன்னாடி டிஸ்குவாலிஃபை ஆன ஐரீனத்தான் கடைசி ஆளா போட்டாங்க. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் புடிச்ச எடம் இது. ரிலேல கடைசி ஆளுங்கறது சும்மா ஒரு வரிசை நம்பர் கிடையாது, முன்னாடி மூணு பேரு சேர்த்து வெச்சத காப்பாத்தணும், இல்ல கோட்டை விட்டதப் புடிக்கணும். இவ நேரா நீந்துவாளான்னு ஒரு நிமிஷமாவது யாருக்காவது தோணியிருக்கும். தோணியும் அவங்களையே நிறுத்தினாங்க.

1912 ஜூலை 15. மொத்தமே நாலு டீம், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன். ஆஸ்திரேலியாவோட ரெண்டு பேரும், நாங்க ஆளுக்கு ரெண்டு தடவ நீந்திக்கிறோம், எங்களையும் சேத்துக்கோங்கன்னு கேட்டுப் பாத்தாங்க, ஒத்துக்கல. 100 மீட்டர் நீளம்ங்கறதால ஒருத்தர் இந்தக் கரையிலேருந்து போவாங்க, அடுத்தவங்க அந்தக் கரையிலேருந்து திரும்பி வருவாங்க. பெல் மூர் போனாங்க, ஜென்னி வந்தாங்க, ஆனி போனாங்க, ஐரீன் வந்தாங்க. நேரம் 5 நிமிஷம் 52.8 விநாடி, உலக சாதனை. ஜெர்மனி 6:04.6, ஆஸ்திரியா 6:17.0. கிட்டத்தட்ட 12 விநாடி வித்தியாசம், அந்த வேகத்துக்கு 13 மீட்டருக்கு மேல இடைவெளி. உலக சாதனை வெச்சிருந்த கர்வென் இல்லாமயே.

ஆளுக்கு சராசரியா 88 விநாடி வருது. இப்போ பொண்ணுங்க 4×100 ரிலே உலக சாதனை 3:27.96, ஆஸ்திரேலியா டீம் 2023ல ஃபுகுவோகாவுல போட்டது. இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அந்தக் காலத்துல மெதுவாத்தான் நீந்தியிருக்காங்கன்னு சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமா இருக்கு. பட்டுத் துணியோட, கயிறு இல்லாத வளைகுடாவுல, கண்ணாடி இல்லாம, ஃபேக்டரி வேலைக்கு அப்புறம் கிடைச்ச நேரத்துல பயிற்சி பண்ணி வந்தவங்க அவங்க. கைய மாத்தி மாத்தி வீசி நீந்துற கிரால் நீச்சலே அப்போதான் பரவிட்டிருந்துச்சு, கால எப்படி அடிக்கணும், மூச்ச எப்போ இழுக்கணும்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு விதமா தேடிட்டிருந்தாங்க. எட்டே வருஷத்துல, 1920 ஆண்ட்வெர்ப்ல, அமெரிக்கப் பொண்ணுங்க 5:11.6 நீந்திட்டாங்க. உள்ள விட்டா எவ்ளோ சீக்கிரம் முன்னேறுவாங்கங்கறதுக்கு இத விட என்ன சாட்சி வேணும்.

இன்னொரு விஷயம், 1912ல கார்டிஃப்ல பொறந்த மூணு பேரு தங்கம் வாங்கியிருக்காங்க. ஐரீன் ஒண்ணு. வாட்டர் போலோல மறுபடியும் ராட்மிலோவிச், ஃபைனல்ல ஆஸ்திரியாவ 8-0. மூணாவது டேவிட் ஜேக்கப்ஸ், யூதக் குடும்பத்துப் பையன், 4×100 மீட்டர் ஓட்ட ரிலேல. மூணுமே குழு விளையாட்டு, மூணுமே பிரிட்டன் கணக்குலதான் ஏறுச்சு, ஒலிம்பிக்ஸ்ல வேல்ஸுக்குத் தனி டீம் அன்னிக்கும் கிடையாது இன்னிக்கும் கிடையாது. குரோயேஷியாக்காரர் மகன், யூதப் பையன், ஒரு பொண்ணுன்னு பாக்கும்போது அந்தத் துறைமுக ஊரு என்ன மாதிரி ஊருன்னு நல்லாவே தெரியுது.

தங்கம் வாங்கிட்டு வந்த பிறகு என்ன ஆச்சு? அடுத்த ஒலிம்பிக்ஸ் 1916ல பெர்லின்ல நடக்க வேண்டியது, முதல் உலகப் போர் வந்து ரத்தாயிடுச்சு. 1920 வரும்போது ஐரீனுக்கு 30 வயசு ஆயிடுச்சு. அவ்ளோதான், ஒலிம்பிக்ஸ்ங்கறது அவங்க வாழ்க்கையில அந்த ஒரு ஜூலை மாசம் மட்டும்.

ஓட்டு விஷயத்தையும் சொல்லணும். 1912ல பிரிட்டன்ல பொண்ணுங்களுக்கு பார்லிமென்ட் எலெக்‌ஷன்ல ஓட்டு கிடையாது, அதுக்காகப் போராடினவங்க ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்துட்டிருந்த நேரம். நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த பொண்ணுக்கு அந்த நாட்டுல ஓட்டு இல்ல. 1918ல சட்டம் வந்துச்சு, ஆனா 30 வயசு ஆகியிருக்கணும், சொத்துத் தகுதியும் இருக்கணும். அந்த டிசம்பர் எலெக்‌ஷன்போது ஐரீனுக்கு 29. சில மாசத்துல அதுவும் போச்சு. சிட்னியில டூராக்குக்கு கதையே வேற, ஆஸ்திரேலியாவுல பெரும்பாலான பொண்ணுங்களுக்கு 1902லேருந்தே தேசிய எலெக்‌ஷன்ல ஓட்டு உண்டு, ஆனா பொதுவுல நீந்தறதுக்குத்தான் சண்டை போட வேண்டியிருந்துச்சு. ஒரே வருஷம் பொறந்த ரெண்டு பேரு, ஒருத்திக்கு தண்ணி கிடைச்சா ஓட்டு இல்ல, ஒருத்திக்கு ஓட்டு இருந்தா தண்ணி இல்ல.

ஐரீன் வில்லியம் நிக்கல்சன்ங்கறவர கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, கார்டிஃப் சிட்டி ஃபுட்பால் கிளப்போட டைரக்டர்கள்ல ஒருத்தர். அந்த கிளப்புதான் 1927ல வெம்ப்ளியில ஆர்சனல 1-0ன்னு ஜெயிச்சு எஃப்ஏ கப்புங்கற இங்கிலாந்து ஃபுட்பால் கோப்பைய இங்கிலாந்துக்கு வெளிய கொண்டு போச்சு, இன்னி வரைக்கும் வேற எந்த டீமும் அத செய்யல. இதப் பத்தி எழுதற சிலபேரு ஐரீன ஃபுட்பால் டைரக்டரோட மனைவின்னு ஆரம்பிச்சு, அப்புறம் போனாப் போகுதுன்னு நீச்சலச் சொல்றாங்க. எனக்கு அது சரின்னு படல. வேல்ஸ் விளையாட்டு வரலாறுல ஒலிம்பிக் தங்கம் முன்னாடி வரணும், வீட்டுக்காரர் யாருங்கறது அப்புறம்.

மத்த மூணு பேரும் ஒவ்வொரு திசைக்குப் போயிட்டாங்க. ஜென்னி ஃப்ளெச்சர் கனடாவுக்கு, 1968 வரைக்கும் இருந்தாங்க. பெல் மூர் அமெரிக்காவுக்கு, மேரிலாண்ட்ல ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தாங்க; பிரிட்டனுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கின பொண்ணுங்கள்ல ரொம்பச் சின்ன வயசுங்கற பேரு ஒரு நூற்றாண்டு தாண்டியும் அவங்களுக்குத்தான். ஆனி ஸ்பியர்ஸ் பாவம், 1926லயே போயிட்டாங்க, 40 வயசு கூட ஆகல. ஐரீன் மட்டும் பொறந்த ஊர்லயே இருந்து, 1977 ஏப்ரல் 18ல, 87 வயசுல, கார்டிஃப்லயே காலமானாங்க.

அவங்களுக்கு அப்புறம் அந்த ஊர்ல நீச்சல் நிக்கல. ஸ்டாக்ஹோம் ரிலேக்கு 16 நாள் முன்னாடி, 1912 ஜூன் 29, கார்டிஃப்ல வேலரி டேவிஸ்னு ஒரு கொழந்த பொறந்துச்சு, அவங்க 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்லயும் ரிலேலயும் ரெண்டு வெண்கலம் வாங்கினாங்க. 1927ல பக்கத்துலயே பெனார்த்லேருந்து கேத்லீன் தாமஸ்னு 21 வயசுப் பொண்ணு வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல இருக்குற பிரிஸ்டல் கால்வாய்ங்கற கடல நீந்திக் கடந்து வெஸ்டன்-சூப்பர்-மேர்ல கரையேறினாங்க, ஆம்பள பொம்பள யாருமே அதுக்கு முன்னாடி அதக் கடந்ததில்ல. அந்தக் கால்வாயோட ஏத்த இறக்கம் உலகத்துலயே ரொம்பப் பெரிய அலையேத்தங்கள்ல ஒண்ணு, தண்ணி எந்தப் பக்கம் இழுக்கும்னு நேரம் கணிச்சு இறங்கணும்.

வேல்ஸ் பொண்ணு ஒருத்தி முதல் தடவயா தனியாளா ஒலிம்பிக் தங்கம் வாங்கினது 2008ல, பெய்ஜிங் மழையில சைக்கிள் ஓட்டின நிகோல் குக். நீச்சல்ல வேல்ஸ்காரங்களுக்கு அடுத்த தங்கம் வர்றதுக்கு 2021 வரைக்கும் ஆச்சு, டோக்கியோவுல 4×200ல மாட் ரிச்சர்ட்ஸும், ஹீட்ஸ்ல நீந்தின கேலம் ஜார்விஸும். நடுவுல 109 வருஷம். அதுவும் ரிலேதான், ரிச்சர்ட்ஸ் மூணாவதா நீந்தினாரு.